இதயத்துல துடிப்பைக் கடத்துற பர்கின்ஜி நார் தெளிவாத் தெரியிற ஸ்லைடு யார்கிட்டயாவது இருக்கா?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து மதுரைக்கு வந்து படிக்கிற முதலாமாண்டு மாணவி நான். அடுத்த மாசம் ஹிஸ்டாலஜி (திசுவியல்) பிராக்டிகல்.

ரத்தக்குழாய் பிடிபட்டிருச்சு. மகாதமனின்னா நடு உறை முழுக்க எலாஸ்டிக் தகடுகள் அடுக்கடுக்கா இருக்கும். நடுத்தரத் தமனியில மென்தசைதான் அதிகம், உள் ஓரத்துல நெளிநெளியா ஒரு கோடு ஓடும். சிரையில வெளி உறை தடிமன், குழி அமுங்கிக் கிடக்கும்.

இதயத்துலதான் தடுமாறுறேன். கிளைவிட்ட தசையிழை, நடுவுல நியூக்ளியஸ், செல்லும் செல்லும் சேருற இடத்துல குறுக்கே தெரியிற இன்டர்கேலேட்டட் டிஸ்க், இதெல்லாம் காட்டிருவேன். பர்கின்ஜி நார் மட்டும் கண்ணுல சிக்கவே இல்ல. இதயத்தோட உள் உறையான எண்டோகார்டியத்துக்குக் கீழே, பக்கத்துத் தசையைவிடப் பருமனா, கிளைகோஜன் நிறைஞ்சு வெளிறித் தெரியணும். எங்க லேப் ஸ்லைடுல சாயம் மங்கிப்போச்சு. 1839-ல பர்கின்ஜிங்கிற விஞ்ஞானி இதை முதல்ல பார்த்ததே செம்மறி ஆட்டு இதயத்துலதான். மனுஷ இதயத்தைவிட அதுல நல்லாத் தெரியுமாம்.

அதனால ரெண்டு உதவி. நல்ல ஸ்லைடு வச்சிருக்கிறவங்க கால் மணி நேரம் பார்க்க விடுவீங்களா? இல்லன்னா, நெல்பேட்டையில ஆட்டு இதயம் நான் வாங்கித் தர்றேன். ஃபார்மலின்ல பதப்படுத்தி, செக்‌ஷன் வெட்டி, ஹெச் அண்ட் ஈ (ஹீமாடாக்சிலின், இயோசின்) சாயம் ஏத்தித் தர்ற லேப் தெரிஞ்சா சொல்லுங்க. செலவை நான் பார்த்துக்கிறேன்.

எங்க அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. துடிப்பு ஓடுற அந்தப் பாதையை ஒரு தடவையாவது என் கண்ணால பார்த்துரணும். கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி எங்க கூப்பிட்டாலும் ஞாயித்துக்கிழமை வந்துருவேன்.