பழைய எச்61 கணினி: பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி – அம்பாசமுத்திரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். அம்பையில் சிறிய டி.டி.பி. (கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை விழா நோட்டீஸ், சடங்கு அழைப்பிதழ், காரியப் பத்திரிகை ஆகியவைதாம் பெரும்பாலும் என்னிடம் வரும் வேலை. 2012-இல் வாங்கிய கணினியே இன்றும் ஓடுகிறது: எச்61 மதர்போர்டு, இன்டெல் ஐ3-2120 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10.

ஒரு கொடை நோட்டீஸ் என்றால் சுவாமி படங்களோடு வரிதாரர் (கொடைச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்) பெயர்கள் நூற்றுக்கு மேல் வரும். அந்த வரிப் பணத்தைப் பிரித்த அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஒரு பெயரை மேலே ஏற்றச் சொல்வார். நான் ஏற்றிவிட்டு, திரை அசையும் வரை இருவரும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பழுது பார்க்கும் கடையில் கேட்டபோது, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது 4,000 ரூபாய். ஆடிக் கொடை வேலைகள் தொடங்கும் முன் முடிக்க வேண்டும். பழைய ஐ5 பிராசசர் ஒன்று வாங்கிப் பொருத்தினால் வேகம் கிடைக்குமா?

பதில் 1 – பாளையங்கோட்டையிலிருந்து

கிடைக்கும் அண்ணாச்சி, ஆனால் எந்த ஐ5 என்று பார்த்து வாங்க வேண்டும். உங்கள் போர்டில் பிராசசர் அமரும் இடம் எல்ஜிஏ 1155 சாக்கெட். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசசர்கள் மட்டுமே அதில் அமரும். நான்காம் தலைமுறைக்கு சாக்கெட் 1150 என்று மாறிவிட்டது.

உங்கள் ஐ3-இல் இரண்டு கோர்கள் (வேலை செய்யும் மையங்கள்) தாம். நான்கு கோர் கொண்ட ஐ5-2400 உங்களுடையதைப் போலவே இரண்டாம் தலைமுறை என்பதால், கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருளான பயாஸைத் தொடாமலே வேலை செய்யும். ஆனால் அது 95 வாட் சூடு தள்ளும், உங்களுடையதோ 65 வாட், அதனுடன் வந்த மெலிந்த அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் தகடுகள்) இதற்குத் திணறும். ஐ5-3470 என்றால் 77 வாட், வேகமும் அதிகம். ஒரே சிக்கல், அது மூன்றாம் தலைமுறை. பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது. ஆகவே ஐ3 உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துப்போகலாம் என்பதால், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இதில் கை வைக்க வேண்டாம். யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இன்டெல்லே தயாரித்த போர்டு என்றால் பயாஸ் கோப்பைத் தேட வேண்டியிருக்கும், ஏனெனில் பழைய போர்டுகளுக்கான கோப்புகளை அந்நிறுவனம் 2019-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது ஜியான் இ3-1230 வி2 என்ற இன்டெல் பிராசசரை நீட்டினால் வாங்காதீர்கள். அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

பதில் 2 – தென்காசியிலிருந்து

பாளை நண்பர் சொன்னவை சரி. வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நூறு விழுக்காட்டில் நிற்பது பிராசசரா, டிஸ்க்கா என்று பாருங்கள். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 10-உம் படங்கள் நிறைந்த ஒரு பக்கமும் சேர்ந்தால் இடம் போதாமல் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் போய் விழும். அந்த நிலையில் எந்த ஐ5 வந்தாலும் அதுவும் டிஸ்க்குக்காகக் காத்துத்தான் கிடக்கும். எனவே முதல் செலவு எஸ்எஸ்டிக்கு (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), அடுத்தது ராமுக்கு, மிச்சம் இருந்தால் பிராசசருக்கு.

எச்61-இல் சாட்டா (டிஸ்க்கை போர்டோடு சேர்க்கும் இணைப்பு) வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான் என்பதால் எஸ்எஸ்டி தன் முழு வேகத்தில் ஏறக்குறைய பாதியையே காட்டும். இருந்தாலும் ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ராம் வாங்கும்போது டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3 என்று சொல்லிக் கேளுங்கள். லேப்டாப் ராம் அளவில் சிறியது, பொருந்தாது. விண்டோஸ் 32-பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, 64-பிட்டாக மாற்ற வேண்டும்.

4,000 ரூபாய்க்கு மேல் இதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள் என்பது என் கருத்து. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இன்டெல் வரிசை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, உங்கள் போர்டில் அமரும் எதுவும் அதில் இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவர் சொன்னதும் சரியாக இருந்தது. கணினியை ஆன் செய்தவுடன் பல நிமிடங்களுக்கு டிஸ்க் நூறிலேயே நிற்கிறது. நோட்டீஸை பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும் பிராசசர் நூறைத் தொடுகிறது. திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் அலைந்து 240 ஜிபி எஸ்எஸ்டி, பழைய 4 ஜிபி ராம், பழைய ஐ5-3470 மூன்றையும் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால், தகடுகளுக்கிடையே தூசி பத்தமடைப் பாய் போல முடைந்து கிடந்தது. பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புக் காரையாக உதிர்ந்தது. பெட்டியைத் திறந்த ஆர்வத்தில் பாளைத் தம்பியின் பேச்சை மறந்து நேராக ஐ5-ஐ வைத்துவிட்டேன். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. பத்து நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னர் ஐ3-ஐத் திரும்ப வைத்து, பென் டிரைவில் பயாஸை ஏற்றிப் புதுப்பித்து, மறுபடி ஐ5-ஐ வைத்ததும் வந்துவிட்டது. ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது சூடு 90 டிகிரியைத் தாண்டுகிறது. இது இயல்புதானா?

பதில் 1 எழுதியவர்

இயல்பில்லை அண்ணாச்சி. ஹீட்சிங்க்கின் நான்கு முளைகளில் ஒன்று முழுதாக இறங்கியிருக்காது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போர்டின் பின்பக்கம் பாருங்கள்; நான்கிலும் கறுப்பு முனை வெண்பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே தெரிய வேண்டும். திரும்பப் பொருத்தும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்து, ஒரு மூலையை அழுத்தியதும் அதற்கு எதிர்மூலையை அழுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒரு முளை இறங்கவே இல்லை. சரிசெய்த பின் 65 டிகிரிக்கு மேல் போகவில்லை. இன்று காலை சுடலைமாடசாமி கொடை நோட்டீஸ் ஒன்றைத் திருத்தினோம். அண்ணாச்சி அடுத்த பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் மேலே ஏறிவிட்டதால், இன்னும் பதினைந்து பெயர்களை இடம் மாற்றச் சொல்லிவிட்டார்.