மிஞ்சின பிவிசி பைப், கம்பித் துண்டில் மீன்பிடி ராட் ஸ்டாண்டும் தூண்டில் குண்டும் செய்யலாமா?

உச்சிப்புளிக்காரன்:
கட்டட வேலையில் மிஞ்சின ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பும் 12 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டுகளும் இருக்கு. அரியமான், தனுஷ்கோடி கரையில் தூண்டில் வீச, ராட் (தூண்டில் கம்பு) நிறுத்த ஸ்டாண்டும், தூண்டிலில் எடைக்குக் கட்டற ஈயத்துக்குப் பதிலா கம்பிக் குண்டும் செய்யணும். கம்பியில் ஓட்டை போட்டா டிரில் பிட் வழுக்குது, ஏன்?

கரைத்தூண்டில்:
முதல்ல ஸ்டாண்டு. நாலடி பைப் எடுங்க. கீழ்முனையை 45 டிகிரி சாய்வா அறுத்தா மணலில் சுலபமா இறங்கும். மேல்முனையிலிருந்து ஒரு அடி கீழே குறுக்கா ஓட்டை போட்டு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டுங்க, ராட் அடி அதில் உட்காரும். சாதா போல்ட் உப்பில் துருப்பிடிச்சு இறுகிடும். வாய் ஓரத்தை உப்புத்தாளால் நல்லா தேய்ங்க, இல்லேன்னா ராட் கீறும்.

ஒன்றரை அடியாவது மணலுக்குள்ள போகணும். தனுஷ்கோடியில் ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது இரண்டடி இறக்குங்க. அலை ஏறி இறங்கும்போது பைப்பைச் சுத்தி மணல் அரிச்சுப் போகும், பெரிய மீன் இழுத்தா ஸ்டாண்டோட சாயும். எலக்ட்ரிக்கல் பைப் வேண்டாம், மெல்லிசு, வளையும்.

மண்டபம்_மீன்:
பிட் வழுக்குறதுக்குக் காரணம் கம்பியோட வெளித்தோல். தயாரிக்கும்போதே தண்ணி பீச்சி அதை இறுக வச்சிருப்பாங்க, உள்ளே மிருதுவா இருக்கும். ஒரு முனையை இரண்டு பக்கமும் கிரைண்டரில் தட்டையாக்கி அந்தத் தோலை எடுத்துட்டு, சென்டர் பஞ்சால் புள்ளி அடிச்சு, எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் 4 மி.மீ. ஓட்டை போடுங்க.

12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம். 10 செ.மீ. வெட்டினா 89 கிராம். அதே எடை ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் எடுக்கும், அதனால எதிர்காற்றில் தூரம் குறையும். ஓட்டை ஓரம் நரம்பை (தூண்டில் நூல்) அறுக்கும், நேரா கட்டாதீங்க, வளையம் போட்டு சுவிவலில் (சுழலும் கொக்கி) மாட்டுங்க.

கரைத்தூண்டில்:
ஒன்னு விட்டுப்போச்சு. உருண்டைக் கம்பி நீரோட்டத்தில் உருளும். பெண்கடல் (வடக்கே பாக் விரிகுடா) பக்கம் அமைதியா இருக்கும்போது பரவாயில்லை, ஆண்கடலில் நிக்காது. குண்டின் இரு பக்கத்தையும் நீளவாக்கில் தட்டையாக்குங்க. தேயற எடைக்கு ஈடா 2 செ.மீ. கூடுதலா வெட்டுங்க.

மண்டபம்_மீன்:
ஆமாண்ணே, அது சரி. அப்புறம் பழைய ஈயத்தை வீட்டு அடுப்பில் மட்டும் உருக்காதீங்க. புகை விஷம், அச்சில் துளி ஈரம் இருந்தாலும் வெடிச்சுத் தெறிக்கும்.