மூணு நாள் கரண்ட் இல்ல, ஆனாலும் மடு இறங்குச்சு. இப்படிப் பார்த்தவங்க எழுதுங்க

கெடிலக்கரை:
பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக்கு மேற்கே கெடில ஆத்துல ஒரு மடு. கரையிலிருந்து இருநூறு மீட்டர்ல வரிசையா ஃபில்டர் பாயிண்ட் (மணல்ல இறக்கின ஆழமில்லாத போர்), எல்லாம் முப்பது நாப்பது அடி. டிரான்ஸ்பார்மர் எரிஞ்சதால ஒரு மோட்டாரும் ஓடல. மடுவுல நட்ட குச்சியில மட்டும் தினம் ஒரு விரற்கடை இறக்கம். வெயில் குடிச்சிருக்கும்னு சொல்லாதீங்க. கோடையில ஆவியாப் போறது நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர்தான், இது இருபதுக்குக் குறையாது. இன்னும் மண்டையைக் குடையறது வேற: தண்ணி ஓரத்திலிருந்து இருபதடி தள்ளி மணல்ல ஊத்து தோண்டினா, குழித் தண்ணி மடுவைவிட ரெண்டு விரல் கீழ நிக்குது. வழக்கமா கரையிலிருந்துதான் ஆத்துக்குள்ள ஊறும். இங்க ஆறு கரைக்குள்ள போகுது. மோட்டாரே ஓடாதப்ப யார் இழுக்கிறா?

மணல்மேடு:
யாரும் இழுக்கல. ஏற்கெனவே இறைச்ச பள்ளம் நிரம்பிக்கிட்டிருக்கு. போரைச் சுத்தி நீர்மட்டம் புனல் மாதிரி குழிஞ்சிருக்கும். மோட்டார் நின்னதும் போர்ல தண்ணி ஏறிடும், ஆனா புனலோட விளிம்பு அகலமாகிக்கிட்டேதான் போகும். அந்த விளிம்பு ஆத்தைத் தொட்டுடுச்சு.

போர் இறைக்கிறது எத்தனை நாள்ல ஆத்தைத் தொடும்னு 1968-ல ஜென்கின்ஸ்ங்கிற அமெரிக்க நீரியலாளர் ஒரு கணக்கு கொடுத்தார். ஆத்துக்கும் போருக்கும் உள்ள தூரத்தை அதாலேயே பெருக்கி, மணல் விடுற நீர்ப்பங்கால (வடியும்போது மணல் தன் கன அளவுல விடுற தண்ணியோட பங்கு) பெருக்கி, நீர் கடத்துதிறனால (அந்த மணலடுக்கு தண்ணியைக் கடத்துற திறன்) வகுக்கணும். தூரம் 200 மீட்டர், நீர்ப்பங்கு 0.15, கடத்துதிறன் நாளைக்கு 500 சதுர மீட்டர்னு வச்சா 12 நாள் வரும். பன்னெண்டு நாள் விடாம இறைச்சா, அன்னைக்குக் குழாய்ல கொட்டுறதுல 48 சதவீதம் ஆத்துக்கணக்கு. அதே போர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தா 300 நாள். தூரம் அஞ்சு மடங்குன்னா நாள் இருபத்தஞ்சு மடங்கு. தை மாசம் இறைச்சதுக்கு ஐப்பசியில ஆறு கடன் கட்டும்.

பாகூர்ப்பக்கம்:
மேலே எழுதினவருக்கு எதுக்கெடுத்தாலும் மோட்டார். ஆத்துப் படுகையை யார் பார்க்கிறது? மணல் எடுத்து படுகை ரெண்டு மீட்டர் இறங்கினா, ரெண்டு கரையோட நீர்மட்டமும் அந்தப் புது ஆழத்துக்கு வடிஞ்சுதான் நிற்கும். அப்ப ஆறே ஒரு வடிகால், ஒரு யூனிட் கரண்ட் வேண்டாம். பெண்ணையாத்துல சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணி வரணும். இந்த மாதிரி வாய்க்கால் பிரியிற இடத்துல ஆத்துப் படுகை தாழ்ந்தா, வாய்க்காலோட தலைமதகு உயரத்துல தொங்கும். ஏரி நிறையாது. ஏரி நிறையலன்னா ஆயக்கட்டுல போர்தான். எது காரணம், எது விளைவுன்னு யோசிங்க.

மணல்மேடு:
நான் மணலை மறுக்கலங்க. படுகை தாழ்ந்திருந்தா கரைத் தண்ணி ஆத்துக்குள்ள வடியும், குழித் தண்ணி மடுவைவிட மேல நிக்கும். அவர் தோண்டினதுல கீழ நிக்குது. அந்த ரெண்டு விரல்தான் சாட்சி.

ஊற்றுக்கண்:
இருவரும் மேல்மணலைப் பற்றியே பேசுகிறீர்கள். நெய்வேலிப் பக்கம் கடலூர் மணற்கல்லில் கதை தலைகீழ். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர். அந்த மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத் தரை பிளந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி இரவு பகலாக இறைத்தாக வேண்டும்.

ஒரு கன மீட்டர் நீரை மேல்மணலில் எடுத்தால், ஏழு சதுர மீட்டர் பரப்பில்கூட ஒரு மீட்டர் இறங்காது. அடைபட்ட அடுக்கின் சேமிப்புக் கெழு (ஒரு சதுர மீட்டரில் அழுத்தம் ஒரு மீட்டர் இறங்கினால் அடுக்கு விடும் நீர், கன மீட்டரில்) 0.0001 என்றால், அதே ஒரு கன மீட்டருக்கு இரண்டரை ஏக்கர் பரப்பில் அழுத்தம் ஒரு மீட்டர் இறங்கும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போருக்கும் சீக்கிரமே சேதி போய்விடும். ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமல் பொங்கிய குழாய் ஒன்று வரப்போரம் நிற்கிறது, தரைக்கு மேல் மூன்றடி. வாயில் துரு வளையம். இப்போது அதில் ஆடு கட்டுகிறார்கள். பக்கத்திலேயே அடுத்தடுத்துப் போட்டவை: கைப்பம்பு, கம்ப்ரசர், சப்மெர்சிபிள்.

ஆனால் ஓடை வற்றவில்லை! சுரங்க நீர் பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. ஓடையைப் பார்த்து நிலத்தடியை எடை போட முடியாத இடம் அது.

உப்பங்காத்து:
கடலூர்க் கடற்கரையில தேவனாம்பட்டினம் ஓரம் ஒரு போர். காலையில மோட்டார் போட்டா முதல் பத்து நிமிஷம் கரிக்கும், அப்புறம் தெளியும். எல்லாரும் கடல் உள்ள வந்துடுச்சுன்னாங்க. இல்ல.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். போட்ட உடனே உப்பு, போகப்போகக் குறையுதுன்னா கேசிங் (போர்ல இறக்கின வெளிக்குழாய்) ஜாயிண்ட் ஒழுகுது. மேல உள்ள உவர்த்தண்ணி ராத்திரி பூரா உள்ள இறங்கியிருக்கு. போட்டப்ப நல்ல தண்ணி, ரெண்டு மணி நேரத்துல டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) ஏறுதுன்னாதான் கீழேயிருந்து உப்பு கூம்பா எழும்புது. முதலாவதுக்கு வைத்தியம் கேசிங்குக்கு வெளியே சிமெண்ட் கலவை இறக்கி அடைக்கிறது. ரெண்டாவதுக்கு மோட்டாரை இன்னும் ஆழமா இறக்கினா நாசம். கடல்மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி இருக்கும். மேல அரை மீட்டர் குறைஞ்சா கீழே இருபது மீட்டர் உப்பு ஏற இடம் ஆச்சு. மோட்டாரை மேல தூக்கணும், 5 எச்பியை 2 எச்பி ஆக்கணும், நாலு மணி நேரம் ஓட்டி நாலு மணி நேரம் விடணும். ஒரு பெரிய போருக்குப் பதிலா தள்ளித் தள்ளி ரெண்டு சின்னது. உப்பு ஒருதரம் ஏறினா இறங்க வருஷக்கணக்காகும், ஒரு மழைக்கு இறங்காது.

அளக்கிறவங்களுக்கு: விடியக்காலை, அக்கம்பக்கம் மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளங்க. எஃகு டேப் நுனியில ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தடவி இறக்குங்க. ஈரம் பட்ட கோடு பளிச்சுனு தெரியும். கேசிங் விளிம்புல ஒரே இடத்துல பெயிண்ட் புள்ளி வச்சு அங்கிருந்தே அளக்கணும். கடைசியா மோட்டார் நின்ன நேரத்தை எழுதலன்னா அந்த அளவு குப்பைக்குத்தான்.

பாகூர்ப்பக்கம்:
டேப் சரி. மணலுக்கு யாரும் பதில் சொல்லல.

கெடிலக்கரை:
டிரான்ஸ்பார்மர் மாத்தி அஞ்சு நாள் ஆச்சு. அதே குழி, அதே இருபதடி. இப்ப நாலு விரல்.