புல்லட் பிளாக்குக்கு வெள்ளியா, கறுப்பா? (அப்பா வண்டி, கொஞ்சம் உதவுங்க)

காரைக்குடி_கிக்கர்
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 1984 புல்லட் 350. ஒன்பது வருஷமா மாட்டுக்கொட்டகையில சாக்கு போர்த்திக் கிடந்துச்சு. இப்ப இன்ஜினை இறக்கி முழுசாப் பிரிச்சாச்சு. பிளாக் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) ரீபோருக்குப் போகணும், அதாவது உள்துளையைக் கடைஞ்சு பெருசாக்கணும். வெளிப்பக்கம் சூட்டை ஆத்துற தகடுங்க, அதான் ஃபின், எல்லாம் துரு, விரலை வச்சா செம்மண் மாதிரி ஒட்டுது. அங்கங்க பழைய பெயின்ட் செதில் செதிலா நிக்குது. என்ன கலர்னு கேட்டா, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அழுக்கு கலர்தான்.

பிளாக்குக்கு வெள்ளி அடிச்சு, மத்ததை அலுமினியமாவே விட்டு, கவர்களை மட்டும் பஃபிங் பண்ணலாம்னு ஒரு நினைப்பு. பிளாக்கை மட்டும் கறுப்பாக்கினா எடுப்பா இருக்கும்னு இன்னொரு நினைப்பு. எங்க மெக்கானிக் அண்ணன் சொல்றது வேற: பிளாக், அதுக்கு மேல மூடுற ஹெட், கீழ இருக்கிற கிராங்க் கேஸ் மொத்தத்தையும் மேட் கறுப்பு அடிச்சு, ஃபின் ஓரத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு மினுக்கிடலாமாம்.

டேங்க் கறுப்பு, தங்கக் கோடு. அதுல கை வைக்கக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. இன்ஜினுக்கு என்ன சொல்றீங்க?

பழைய_இரும்பு
தம்பி, மாட்டுக்கொட்டகையில போட்டதுக்கே உங்களை நாலு வார்த்தை கேக்கணும். சரி, போகட்டும்.

வெள்ளிதான். என்கிட்ட இருக்கிறது 1979. நான் வாங்கும்போது பிளாக் மேல ஆளாளுக்கு அடிச்ச கறுப்பு, கோட்டு கோட்டா இருந்துச்சு. பெயின்ட் ரிமூவர் போட்டு உரிச்சுக்கிட்டே போனேன். கீழ ரெண்டு ஃபின்னுக்கு நடுவுல, எந்தப் பிரஷ்ஷும் நுழையாத இடுக்குல, கடைசியா வெள்ளி தெரிஞ்சுது. அதுதான் கம்பெனிப் பெயின்ட். நீங்களும் சுத்தம் பண்ணக் கொடுக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அந்த இடத்தைப் பாருங்க. மணலை வேகமாப் பீய்ச்சி உரிக்கிற பிளாஸ்டிங் பண்ணிட்டா சாட்சியே இருக்காது.

இருட்டு_இன்ஜின்
ஒரிஜினல், ஒரிஜினல்னு எத்தனை நாளைக்கு சார்? 1955-ல என்ஃபீல்டு கம்பெனி திருவொற்றியூர்ல ஆரம்பிச்சப்ப இங்கிலாந்து ரெட்டிச்சுல இருந்து பாகம் வந்துச்சு, இங்க கோர்த்தாங்க. அப்புறம் மெல்ல மெல்ல எல்லாத்தையும் இங்கயே பண்ணாங்க. 1994-ல ஐஷர் கம்பெனி கைக்குப் போச்சு. இதுல எந்த வருஷத்து ஒரிஜினல் உங்களுக்கு வேணும்? 2018-ல வந்த தண்டர்பேர்ட் எக்ஸ் பாருங்க, கம்பெனியே இன்ஜினை முழுக் கறுப்பாத்தான் கொடுத்துச்சு.

மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் சரி. கறுப்பு டேங்குக்குக் கீழ கறுப்பு இன்ஜின், ஃபின் ஓரத்துல மட்டும் மின்னல் கோடு. அதோட கறுப்பு சூட்டை வேகமா வெளியேத்தும். ஸ்கூல்லயே படிச்சது.

பழைய_இரும்பு
84 வண்டிக்கு 84 ஒரிஜினல். இதுல என்ன குழப்பம்?

உஷ்ணமானி
ஸ்கூல்ல படிச்சது பாதிதான் சரி. ஓடுற வண்டியில இன்ஜின் சூட்டைப் பெரும்பாலும் காத்துதான் வாரிக்கிட்டுப் போகுது. கதிர்வீச்சா வெளியேறுறது சின்னப் பங்கு. சிக்னல்ல நிக்கும்போதுதான் அதுக்குக் கொஞ்சம் மரியாதை.

இன்னொண்ணு, பிளாக் விடுற சூடு அகச்சிவப்புக் கதிர். நம்ம கண்ணு பாக்கிற கலர் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. கறுப்போ, சிவப்போ, சுண்ணாம்பு வெள்ளையோ, சாதாரணப் பெயின்ட் எதுவானாலும் உமிழ்திறன் (சூட்டைக் கதிரா வெளிய விடுற திறன், அதிகபட்சம் 1) 0.9 பக்கம்தான் நிக்கும். விதிவிலக்கு நம்ம வெள்ளிப் பெயின்ட். அதுக்குள்ள இருக்கிறது அலுமினியத் தூள், அதனால அந்த அளவு பாதி, அதுக்கும் கீழன்னு இறங்கிடும். பஃபிங் பண்ணிப் பளபளன்னு விட்ட வெறும் அலுமினியம் 0.1-ஐத் தொட்டாலே பெருசு. மினுக்கி வச்ச பாத்திரத்துல இருக்கிற வெந்நீர், கரிப் பிடிச்ச பாத்திரத்துல இருக்கிறதைவிட மெதுவா ஆறும், அதே கதைதான்.

ஆக, கறுப்பு அணிக்கு ஒரு மார்க் உண்டு. ஆனா அரை மார்க். 70 மி.மீ. போர் (சிலிண்டர் உள்துளை அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்), நிதானமாச் சுத்துற இன்ஜின் இது. வெள்ளி அடிச்சதால எந்த புல்லட்டும் சூட்டுல பிஸ்டன் இறுகி சீஸ் ஆகல.

இதோட, பவுடர் கோட்டிங் சூட்டை உள்ள அடைச்சு வச்சிடும்னு யாராவது சொல்ல வருவாங்க, அதுக்கும் இப்பவே பதில். 0.1 மி.மீ. கனம்னு வச்சுக்கிட்டாலும் அது கொடுக்கிற தடை, ஃபின்ல இருந்து காத்துக்குச் சூடு கைமாறும்போது இருக்கிற தடையில ரெண்டு மூணு சதவீதம்தான். ஃபின் நடுவுல காஞ்சுபோன ஆயிலும் சேறும்தான் உண்மையான எமன்.

இருட்டு_இன்ஜின்
அரை மார்க்னாலும் மார்க்தானே 😄

ஸ்பிரே_கன்_மதுரை
கலருக்கு இம்புட்டுச் சண்டை போடுறீங்க, பெயின்ட் நிக்குமான்னு ஒருத்தரும் கேக்கலையே. பதினெட்டு வருஷமா இதே பொழப்புங்கிறதால சொல்றேன்.

காஸ்ட் அயர்ன் இன்ஜின், காஸ்ட் அயர்ன் இன்ஜின்னு கூப்பிடுறமே, அதுல வெளிய தெரியிற இரும்பு பிளாக் ஒண்ணுதான். ஹெட், கிராங்க் கேஸ், டைமிங் கவர், கிளட்ச் கவர், கியர்பாக்ஸ் எல்லாம் அலுமினியம். இரும்புக்குப் பெயின்ட் வேணும், இல்லாட்டி ஒரு மழைக்குத் துரு ஏறிரும். அலுமினியம் அப்படியில்ல, அதுவே மேல ஒரு தோல் கட்டிக்கிரும். தானா நிக்கிற சாமானுக்கு எதுக்குச் சட்டை?

போட்டுத்தான் ஆவேன்னு போட்டா எங்க உரியும்னும் சொல்றேன். பழைய புல்லட்டுல கியரும் கிக்கரும் வலது பக்கம். கியர்பாக்ஸ் கவர்ல ஷூ உரசிக்கிட்டே இருக்கும். கார்புரேட்டருக்குக் கீழ பெட்ரோல் சொட்டும். சொட்டாத பழைய புல்லட்டை நான் பாத்ததில்ல. இந்த ரெண்டு இடமும் முதல்ல போகும். கறுப்பு உரிஞ்ச அலுமினியம் சொறி புடிச்ச மாதிரி தெரியும். அதைச் சரி பண்ணணும்னா மறுபடி இன்ஜினை இறக்கணும்.

எங்கிட்ட ஒரு வண்டி வந்துச்சு. வேற எங்கேயோ கிராங்க் கேஸைப் பவுடர் கோட்டிங் பண்ணியிருக்காங்க, குத்தியிருந்த இன்ஜின் நம்பர் பள்ளமெல்லாம் பவுடர் ரொம்பிப்போச்சு. ஆர்சி புதுப்பிக்கப் போனவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் உக்காந்து, ரிமூவரும் மூங்கில் குச்சியுமா ஒவ்வொரு எழுத்தா நோண்டினேன். கம்பி வச்சு நோண்டியிருந்தா நம்பரைத் திருத்தினோம்னு கேஸாகியிருக்கும்.

இருட்டு_இன்ஜின்
அண்ணே, என்னோடது நாலு வருஷமா முழுக் கறுப்பு. ஒரு இடத்துலயும் உரியல.

ஸ்பிரே_கன்_மதுரை
சந்தோஷம். நாலு வருஷத்துல எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?

இருட்டு_இன்ஜின்
ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பேன். அதுவும் மழை இல்லாதப்ப.

ஸ்பிரே_கன்_மதுரை
🙂

காரைக்குடி_கிக்கர்
ஹெட்டும் கேஸும் பெயின்ட் இல்லாம அப்படியேன்னு முடிவு பண்ணிட்டேன், நன்றி அண்ணே. பிளாக் கலர் இன்னும் இழுபறி. (பிளாக்குக்கு பிளாக்கா, பிளாக்குக்கு சில்வரான்னு வீட்ல பேசினா யாருக்கும் ஒண்ணும் புரியல.)

ஒரு சந்தேகம். சைலன்சருக்கு அடிக்கிற 600 டிகிரி தாங்குற பெயின்ட் டப்பா வாங்கி வச்சிருக்கேன். அடுப்புல வேக வைக்கணும்னு டப்பாவுல போட்டிருக்கு. மெக்கானிக் அண்ணன், அதெல்லாம் வேணாம், மாட்டிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் நிறுத்தி வச்சா தானா வெந்துடும்கிறார். சரிதானா?

உஷ்ணமானி
செய்யாதீங்க! புது போர், பிஸ்டனுக்குப் புது ரிங். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணி நின்ன இடத்துலயே ஐடிலிங்ல விட்டா, காத்தும் இல்ல, லோடும் இல்ல. ரிங் போரோட ஒழுங்கா உக்காராது, அப்புறம் ஆயில் குடிக்கும். பெயின்ட்டுக்காக ரீபோர் காசைப் பலி கொடுக்கிற வேலை அது.

ஸ்பிரே_கன்_மதுரை
ஆமா, மாட்டுறதுக்கு முன்னாடியே வெந்திருக்கணும். வேகாத பெயின்ட்டுல ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தா வழிஞ்சு வந்துரும்.

முதல்ல பிளாஸ்டிங், அதுவும் பிளாக்கை மட்டும். கிராங்க் கேஸைப் பிளாஸ்டிங் பக்கமே கொண்டு போகாதீங்க, ஆயில் வழியில மணல் மாட்டுச்சுன்னா கிராங்க் போயிரும். அப்புறம் ரீபோர். அது முடிஞ்சதும் சோப்புத் தண்ணி போட்டு, வெள்ளைத் துணியில போரைத் துடைச்சா துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் கழுவுங்க. உடனே காய வச்சு போர்ல ஆயில் தடவிருங்க, பத்து நிமிஷம் விட்டாக்கூடத் துரு பூக்கும். ஃபின் பக்கம் ஒரு துளி ஆயில் படக் கூடாது, தின்னர்ல துடைங்க. மேல, கீழ ரெண்டு முகத்துலயும், நட்டு உக்கார்ற இடத்துலயும் டேப். அங்க பெயின்ட் போனா சூட்டுல அமுங்கி நட்டு லூசாகும், பேக்கிங்ல ஆயில் கசியும். பிரைமர் வேண்டாம். சாதாரணப் பிரைமர் சூட்டுல கருகி, மேல இருக்கிறதையும் கூட்டிக்கிட்டு வந்துரும். மெல்லிசா மூணு கோட்டு, முதல்ல ஃபின் நடுவுல சாய்ச்சுச் சாய்ச்சு, அப்புறம் வெளிய.

வேக வைக்க 200 டிகிரி வரைக்கும் படிப்படியா ஏத்துங்க. வீட்ல கேக் அடுப்பு இருந்தா போதும், ஆனா அப்புறம் அதுல கேக் செய்யாதீங்க.

பழைய_இரும்பு
டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா, இல்லையா?

காரைக்குடி_கிக்கர்
பாத்தேன் சார். நேத்து ராத்திரி. கீழ் இடுக்குல வெள்ளிதான். நீங்க சொன்னது சரி.

ஆனா அதுக்கு மேல ஒரு கோட்டு கறுப்பு இருக்கு, பின்பக்கம், மூணாவது ஃபின்ல. அந்தக் கறுப்புக்குள்ள பிரஷ் முடி ஒண்ணு, அரை விரல் நீளம், வளைஞ்சு அப்படியே காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அம்மாகிட்ட காட்டினேன். வண்டி வந்த மறு வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னாடி நாள், அப்பாவே திண்ணையில உக்காந்து அடிச்சாராம். வெள்ளி அழுக்காத் தெரியுதுன்னு. பிரஷ் எங்க தாத்தா ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறதாம், அதைக் கெடுத்துட்டாருன்னு ரெண்டு பேருக்கும் சண்டை வேறயாம்.

பழைய_இரும்பு
சரி தம்பி. கறுப்பே அடிங்க.

84 கணக்கு என்னோடது, 85 கணக்கு உங்க அப்பாவோடது. ஆனா அந்த மூணாவது ஃபின்னைப் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க.

காரைக்குடி_கிக்கர்
போட்டோ எடுத்தாச்சு சார். முடியையும் பிளேடு வச்சு செதிலோட எடுத்து தீப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன்.

மதுரை அண்ணே, அந்த ஒரு இடத்தை மட்டும் பிளாஸ்டிங் படாம டேப் ஒட்டிக் காப்பாத்த முடியுமா?

ஸ்பிரே_கன்_மதுரை
முடியாது தம்பி. அடியில துரு இருக்கு, மேல அடிக்கிற புதுப் பெயின்ட்டும் அங்க நிக்காது. தீப்பெட்டியே போதும்.

இருட்டு_இன்ஜின்
ஆக, கறுப்பு ஜெயிச்சாச்சு 😎

பழைய_இரும்பு
பிளாக் மட்டும். ஹெட்டைத் தொட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், பஸ் பிடிச்சு காரைக்குடிக்கே வந்துருவேன்.