மோசமான படத்துக்கும் ஒரு விருது: ராஸியும் நாங்களும்

ஆஸ்கரைப் பற்றி எழுத ஊருக்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே நின்று பழிப்புக் காட்டும் ராஸி விருதைப் பற்றி இங்கே பேசலாம். அந்த விருது வாங்கிய படத்துக்குப் பணம் கொடுத்துப் போய் மாட்டிக்கொண்டவர்கள், அந்த விருதோடு வேறு வகையில் தொடர்பு உள்ளவர்கள், எல்லோரும் எழுதுங்கள்.

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். 1981 மார்ச் 31 ஆஸ்கர் இரவு. அதிபர் ரீகன் சுடப்பட்டதால் ஒரு நாள் தள்ளிப்போன ஆஸ்கர் அது. ஹாலிவுட்டில் விளம்பரத் துறையில் இருந்த ஜான் வில்சன் நண்பர்களை வீட்டுக்கு அழைத்தார். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சாப்பிட்ட பிறகு, கூடத்திலேயே, போன ஆண்டின் படுமோசமான படங்களுக்கு விருது வழங்கினார்கள். பேச்சு மேடை அட்டையில் செய்தது. மைக் என்பது துடைப்பக் கட்டையின் நுனியில் செருகிய நுரைப் பந்து. முதல் 'மோசமான படம்' விருது 'கான்ட் ஸ்டாப் த மியூசிக்'குக்குப் போனது. அதையும் 'ஸானடு'வையும் ஒரே டிக்கெட்டில் அடுத்தடுத்துப் பார்த்த எரிச்சலில் பிறந்த யோசனைதான் இந்த விருது. சில ஆண்டுகளில் வில்சன் விழாவை ஆஸ்கருக்கு முந்தைய இரவுக்கு மாற்றினார். உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லாம் ஊருக்கு வந்துவிட்டு, எழுத எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இரவு அது. கெட்டிக்கார மனிதர்.

என் பங்குக்கு 'லேடி இன் த வாட்டர்'. அதை இயக்கிய மனோஜ் நைட் சியாமளன் மாஹேயில் பிறந்தவர், அம்மா தமிழ்ப் பெண். அது போதாதா? "நம் ஊர்ப் பையன் படம்" என்று மாமா டிவிடி வாங்கி வந்து வீட்டோடு உட்கார வைத்தார். அதில் சியாமளனே ஓர் எழுத்தாளராக வருகிறார். சாதாரண எழுத்தாளர் இல்லை, அவர் எழுதும் புத்தகம் பிற்காலத்தில் உலகத்தையே மாற்றப்போகிறதாம். படத்தில் ஒரு சினிமா விமர்சகரும் உண்டு. அவரைப் புல் முளைத்த ஓநாய் போன்ற மிருகம் ஒன்று அடித்துக் கொல்கிறது. மாமா அதுவரை வாயே திறக்கவில்லை. விமர்சகர் செத்ததும், "முந்தின படத்தைத் திட்டி எழுதியிருப்பார் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போய்விட்டார். அந்தப் படத்துக்கு மோசமான இயக்குநர், மோசமான துணை நடிகர் என்று இரண்டு ராஸியும் சியாமளனுக்கே. எனக்கு அதில் வருத்தம் இல்லை. தன்னைத்தானே தீர்க்கதரிசியாக எழுதிக்கொள்கிறவரைப் பார்த்து யாராவது சிரிக்கத்தான் வேண்டும்.

—

நியூஜெர்சியிலிருந்து:

அண்ணா, நீங்கள் டிவிடியோடு தப்பித்தீர்கள். நான் 2010இல் 'த லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தை முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தவன். என் மகனுக்கு அதன் மூலமான கார்ட்டூன் தொடர் என்றால் உயிர். படத்தைச் சாதாரணமாக எடுத்து முடித்துவிட்டு, பிறகுதான் அவசரமாக முப்பரிமாணத்துக்கு மாற்றினார்கள். திரை ஒரே இருட்டு. கண்ணாடியைக் கழற்றினால் வெளிச்சம் வரும், ஆனால் ஆள் இரண்டாகத் தெரிவார். ஒரு காட்சியில் மண்ணை ஆளும் வித்தை தெரிந்த ஒரு கூட்டமே கையை வீசி, காலை உதைத்து, தரையை மிதித்து ஆடுகிறது. முடிவில் ஒரே ஒரு பாறை மெதுவாக மிதந்து போகிறது. எங்கள் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

ஆனால் மகன் கேட்ட கேள்விதான் வீடு வரை கூட வந்தது. "அப்பா, நல்லவர்கள் எல்லோரும் வெள்ளையாக இருக்கிறார்கள், கெட்டவர்கள் மட்டும் ஏன் நம்மைப் போல இருக்கிறார்கள்?" கார்ட்டூனில் ஆசியச் சாயலில் இருந்த நாயகர்களுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள், எதிரி நாட்டு இளவரசனுக்கு தேவ் படேல். அதுவும் நம் ஊர்ப் பையன் எடுத்த படத்தில். மோசமான படம், இயக்குநர், திரைக்கதை உட்பட ஐந்து ராஸி கிடைத்தது. முப்பரிமாணத்தைக் கெடுத்ததற்கென்றே அந்த ஆண்டு தனியாக ஒரு பிரிவு வைத்து அதையும் இதற்கே கொடுத்தார்கள். செய்தியைப் படித்தபோது டிக்கெட் பணத்தில் பாதி திரும்பி வந்த திருப்தி.

—

முன்னாள் உறுப்பினர் ஒருவர்:

நான் சில காலம் ராஸியில் வாக்களித்தவன். பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். சந்தா கட்டினால் நீங்களும் உறுப்பினர்தான். வாக்குச்சீட்டு இணையத்தில் வரும். அதில் இருக்கும் படங்களைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அங்கேதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. 2012இல் 'ஜாக் அண்ட் ஜில்' படத்துக்குப் பத்துப் பிரிவு விருதும் மொத்தமாகப் போனது. ஆணாகவும் பெண்ணாகவும் நடித்த ஆடம் சாண்ட்லருக்கே மோசமான நடிகர், மோசமான நடிகை இரண்டும். நகைச்சுவையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் எத்தனை பேர் அந்தப் பத்தையும் பார்த்து ஒப்பிட்டு வாக்களித்திருப்பார்கள்? பெயரைப் பார்த்ததும் குத்தியவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

2022இல் புரூஸ் வில்லிஸுக்கு மட்டுமே ஒரு பிரிவு வைத்தார்கள். முந்தைய ஆண்டு அவர் நடித்த எட்டுப் படங்கள் ஒன்றோடொன்று போட்டி. விருது அறிவித்த சில நாளில், அவருக்குப் பேச்சைப் பாதிக்கும் நோய் இருப்பதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மறுநாளே விருதைத் திரும்பப் பெற்றார்கள். கூடவே, 1981இல் 'த ஷைனிங்' படத்துக்காக ஷெல்லி டுவாலை மோசமான நடிகை என்று பரிந்துரைத்ததையும் ரத்து செய்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து! அடுத்த ஆண்டு இன்னும் கேவலம். 12 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பரிந்துரைத்து, ஊரே காறித் துப்பிய பிறகு பெயரை எடுத்துவிட்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி எழுதினார்கள். அந்த விதியை எழுத ஒரு குழந்தை அழ வேண்டியிருந்ததா? அந்த ஆண்டு மோசமான நடிகை விருதைத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் அவர்கள் கணக்கில் வரவு வைக்கலாம். கோடிகளைக் கொட்டி நம்மை ஏமாற்றும் நிறுவனத்தைக் கேலி செய்யுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சொன்னதை நடித்துவிட்டுப் போன பிள்ளையை விட்டுவிடுங்கள்.

—

நாடகப் பயிற்சி தருபவர் ஒருவர்:

ஐயா சொல்வது சரி. ஆனாலும் நேரில் போய் வாங்கியவர்களையும் சொல்ல வேண்டும். 2005இல் 'கேட்வுமன்' படத்துக்காக ஹாலி பெர்ரி மேடை ஏறினார், கையில் அவர் முன்பு வாங்கிய ஆஸ்கர் சிலையோடு! ஆஸ்கர் வாங்கிய இரவில் தான் அழுததையே நடித்துக் காட்டி அழுதார். அந்தக் காணொளியை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். படத்தில் வராத நடிப்பு அங்கே வந்திருக்கும். 2010இல் சாண்ட்ரா புல்லக், விருது வாங்கித் தந்த படத்தின் டிவிடிகளை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டே வந்து, உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் வாக்களித்தீர்களா என்று கேட்டு அரங்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். முன்னாள் உறுப்பினர் ஐயாவின் கேள்வியேதான். மறுநாள் இரவு அவருக்கு ஆஸ்கர்.

—

முதலில் எழுதியவன்:

சியாமளனைத் திட்டியது நான்தான் என்பதால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் வீட்டை அடமானம் வைத்துச் சொந்தப் பணத்தில், சுமார் 50 லட்சம் டாலரில், 'த விசிட்' எடுத்தார். ஓடியது. விழுந்து எழுந்தவர்களுக்கென்று ராஸியிலேயே ஒரு விருது உண்டு, அதற்கு அவரைப் பரிந்துரைத்தார்கள். கிடைக்கவில்லை. சில்வஸ்டர் ஸ்டாலோன் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதிக ராஸி வாங்கிய நடிகரே அவர்தான், இதையும் அவரே வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது?

மாமாவிடம் 'த விசிட்' ஓடிய கதையைச் சொன்னேன். "அதில் அவர் நடித்திருக்கிறாரா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் போடு" என்றார்.