முப்பதாம் நாள் பூசையில் தாத்தாவைப் பற்றி என்ன பேசுவது?

தோணிக்காரர் பேரன்:
எங்கள் தாத்தா போன மாதம் 92 வயதில் இறந்துவிட்டார். ஊர் தூத்துக்குடி. வருகிற சனிக்கிழமை கோவிலில் முப்பதாம் நாள் பூசை (திருப்பலி). நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதவும், பூசை முடிவில் மூன்று நிமிடம் பேசவும் என்னைப் பிடித்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் 'பக்திமிக்கவர், குடும்பத்துக்காக உழைத்தவர்' என்றே வருகிறது. அந்த அட்டையில் யார் படத்தை ஒட்டினாலும் பொருந்தும்.

அவர் கொழும்புக்கு ஓடும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். பொழுது சாய்ந்தால் செபமாலை தொடங்குவது அவர்தான். சுக்கான் பிடிப்பவனும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் தோணி கரையில் கிடக்கும் என்பதால் ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா கோவிலில்தான் குடியிருப்பு. 2023ல் தங்கத்தேர் இழுத்தபோது, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வடத்தைத் தொடவைத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தார். சிறுவயதில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். சாமியார் 'இந்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி' என்றால் பதில் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இறந்தவர்களின் பெயரும் தேதியும். சொந்தக்காரர், கூட ஓடிய தோணிக்காரர், வாங்கிய கடனைத் தராமலே போய்ச் சேர்ந்தவர் வரை எல்லாரும் உண்டு. தேதி வந்தால் பூசைக்குப் பணம் கொடுத்துவிடுவார். "உயிரோட இருக்கிற பிள்ளைங்களுக்குச் செருப்பு இல்ல" என்று பாட்டி திட்டுவார்.

சிக்கல் இங்கேதான். அத்தை வேற்று மதத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது தாத்தா வருடக்கணக்கில் பேசவில்லை. அப்புறம் அத்தை மகன் டைபாய்டில் கிடந்தபோது அவராகவே மதுரைக்கு பஸ் ஏறினார். பையன் எழுந்து உட்காரும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. பழைய விஷயத்தைப் பற்றி அதன் பிறகும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இதையெல்லாம் தொடாதே" என்கிறார் சித்தப்பா. தொடாவிட்டால் பாதித் தாத்தாதான் வருகிறார்.

உபதேசியார் மகள்:
தம்பி, முதலில் பங்குச் சாமியாரிடம் கேட்டுவிடுங்கள். அடக்கப் பூசையின் மறையுரை புகழுரையாக மாறக் கூடாது என்பது திருப்பலி நூலின் பொது விதிமுறையிலேயே (எண் 382) இருக்கிறது. முப்பதாம் நாளில் நன்மை (நற்கருணை) வாங்கிய பிறகு, கடைசி ஆசீருக்கு முன்னால் கொஞ்சம் பேச விடுவார்கள். அதுவும் பங்குக்குப் பங்கு வேறுபடும். இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளத்தானே அந்தப் பூசை? தாத்தா மோட்சத்தில் இருக்கிறார் என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிட்டால் வேண்டுதலுக்கு என்ன வேலை? உங்கள் தாத்தாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்த நோட்டு எதற்கு? அதையே பேசுங்கள். கடன்காரருக்கும் பூசை வைத்த மனிதரைப் பற்றி 'பக்திமிக்கவர்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டையில் 2 திமொத்தேயு 4:7 ('என் ஓட்டத்தை முடித்துவிட்டேன்' என்று வரும் வசனம்) மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டு விவிலியத்துக்குள் கிடக்கும் அட்டைகளில் பாதிக்கு மேல் அதுதான். தண்டலுக்குத் திருப்பாடல் 107 இருக்கிறதே! 23ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். கப்பலேறிக் கடலில் வாணிகம் செய்தவர்கள், புயல், அது அடங்கி விரும்பிய துறைமுகம் சேர்வது எல்லாம் வருகிறது.

பழைய ஹார்பர்:
எங்கள் அப்பாவும் தோணியில் ஓடியவர்தான். தம்பி, தண்டல் என்றே அச்சடியுங்கள். எங்கள் வீட்டில் யாரோ நாகரிகம் பார்த்து 'கடல்சார் பணி' என்று போட்டுவிட்டார்கள். ஏதோ ஆபீசில் வேலை பார்த்தவர் மாதிரி இருக்கிறது.

அத்தை விஷயத்தில் நான் சித்தப்பா பக்கம். ஊரே உட்கார்ந்திருக்கும் கோவிலில் வீட்டுச் சண்டை எதற்கு?

உபதேசியார் மகள்:
சித்தப்பாவும் நாமும் தீர்மானிக்கிற விஷயமா இது? அத்தையிடம் கேளுங்கள். மைக்கில் வரும்போதுதான் அவர் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி ஆகக் கூடாது. அவர் சம்மதித்தாலும் மதுரை பஸ்ஸை மட்டும் சொன்னால் போதும், மீதி ஊருக்கே தெரிந்திருக்கும்.

தோணிக்காரர் பேரன்:
கேட்டுவிட்டேன் அக்கா. "நீ ஏன் பேசுற? நான் பேசுறேன்" என்கிறார் அத்தை! சித்தப்பாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் சாமியாரிடம் போய் அனுமதி கேட்டது அவரேதான். ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று சாமியார் சொல்லியிருக்கிறார்; அத்தையைத் தெரிந்தவர்களுக்கு அது நடக்காது என்று தெரியும். எனக்கு அட்டை வேலை மட்டும் மிச்சம். தண்டல் என்று போட்டு, 107லிருந்து இரண்டு வரி சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

பழைய ஹார்பர் அண்ணே, நோட்டில் அடுத்த வாரத் தேதிக்கு நேராக ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்தில் 'கொழும்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் ஆளைத் தெரியவில்லை. பூசைக்குக் கொடுத்துவிட்டோம். உங்களுக்குத் தனிச்செய்தியில் பெயரை அனுப்புகிறேன், தெரிந்தால் சொல்லுங்கள்.