விருதுநகர் மளிகைக்கடையின் பழைய பேரேடுகளுக்குக் காலம் கணிப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பாட்டனார் தொடங்கி, தந்தையார் நடத்தி, இப்போது அண்ணன் பார்த்துவரும் எங்கள் விருதுநகர் மளிகைக்கடையின் வரலாற்றை வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதி வருகிறேன். பரணில் பதினொரு பேரேடுகள் கிடைத்தன. எதிலும் ஆங்கில ஆண்டு இல்லை. 'விய௵', 'விளம்பி௵' என்ற பெயர்கள் மட்டுமே உள்ளன. இரண்டில் முன்பக்கங்களைச் செல் அரித்துவிட்டதால் அந்தப் பெயரும் தெரியவில்லை. இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது? அன்றாடக் கணக்கின் இறுதியில் 'மகமை' என்று ஒரு சிறு தொகை எழுதப்பட்டிருப்பது எதற்காக?

மறுமொழி 1:
ஐயா, தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே 'விய' 1886ஆகவும் இருக்கலாம், 1946ஆகவும் இருக்கலாம். பாட்டனாரின் வயதை வைத்தே அதை முடிவு செய்துவிடலாம். பெயர் அழிந்த ஏடுகளில் ரூபாய்க்கு அடுத்த கட்டத்தைப் பாருங்கள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால், பழைய கணக்கில் அந்தக் கட்டத்து எண் பதினைந்தைத் தாண்டவே தாண்டாது. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஒரு ரூபாயாயிற்று. எடைக்கு மெட்ரிக் முறை 1958 அக்டோபரில்தான், அதுவும் படிப்படியாக வந்தது. எனவே 1958 ஏப்ரலில் பிறந்த விளம்பி ஆண்டின் ஏட்டில், விலை நயா பைசாவிலும் புளியின் எடை வீசையிலும் பலத்திலுமாக இருந்தால் திகைக்க வேண்டாம். நாற்பது பலம் ஒரு வீசை, அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 கிராம்.

மறுமொழி 2:
மகமை என்பது வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து உறவின்முறை எனப்படும் தங்கள் சமூகச் சங்கத்தின் பொது நிதிக்குக் கொடுத்துவந்த பங்கு. கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் உங்கள் ஊரில் அப்படி வளர்ந்ததுதான். உங்கள் பாட்டனாரின் கல்லாவிலிருந்து நாள்தோறும் போன அந்தச் சில்லறையைக் கடை வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் அதைக் கூட்டிப் பார்த்தால், கடையின் ஏற்ற இறக்கமும் அதிலேயே தெரிந்துவிடும்.

மறுமொழி 3:
என் தகப்பனார் இதுபோன்றதொரு கடையில் நெடுங்காலம் சரக்கு அளந்தவர். படியால் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்றே எண்ணத் தொடங்குவார். வீட்டில் அரிசி அளக்கும்போதும் அவருக்கு அதே வழக்கம்தான். அவரைப் போன்றவர்களின் சம்பளப் பற்றும் உங்கள் பேரேட்டில் எங்கேனும் இருக்கும். முதலாளிகள் மூவரின் கதையோடு அவர்களையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். கடன் வைத்திருந்த வாடிக்கையாளர்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள்.

கேட்டவரின் மறுமொழி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சம்பளப் பக்கங்களைத் தனியே படியெடுக்கத் தொடங்கிவிட்டேன். செல்லரித்த ஏடுகளில் ஒன்றின் காலமும் தெரிந்துவிட்டது. பங்குனி மாதத்தின் பாதி வரை பதினைந்தைத் தாண்டாத அந்தக் கட்டத்தில், திடீரென 62 என்றும் 87 என்றும் எண்கள் வருகின்றன. ஆக அது 1956-57ஆம் ஆண்டின் துர்முகி ஏடு. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பாட்டனார் தம் கைப்பட எழுதியிருக்கிறார்: 'அணா 1க்கு 6, 2க்கு 12, 3க்கு 19, 4க்கு 25.'